ஒரு பாட்டுக்கு மூன்று பிதா

திருடு போனது ஒரு தட்டு. சோறு போடுகிற தட்டு என்றால் தேடுவதில் ஒரு நியாயம் உண்டு. இது பாடுகிற தட்டு. அதுவும் ஸ்பெயின் தேசத்துப் பாட்டு. அந்தத் தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தேவிகுளத்தில் டீக்கடையில் கேட்டேன். எல்லோரும் தெரியாது என்றார்கள். ஒருவர் மட்டும் யோசிக்காமல் மேற்கே கை காட்டினார். அவரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

நான் குப்பண்ணன். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் வாடகை ஜீப் ஓட்டுகிறவன். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. துப்பறிவது என் வேலை அல்ல. துப்பறிகிற மயிலாத்தாளை ஏற்றி இறக்குவதுதான் வேலை. அவள் கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். வக்கீலைவிட அவளுக்கு வழக்கு நன்றாகப் புரிந்தது. அதனால் வேலை போயிற்று. வக்கீல் இன்னும் இருக்கிறார்.

எங்களைக் கூப்பிட்டது என் பழைய லாரிக் கிளீனர் பெரியமுத்து. அவன் அக்காள் சுருளியம்மாள் எஸ்டேட் கிளப்பில் கூட்டித் துடைக்கிறவள். தட்டைத் திருடினாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மலையில் வேலை போனால் வீடும் போகும். லயம் என்கிற அந்த வரிசை வீடு எஸ்டேட்டுடையது.

மறையூர் வழியாக ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வியாழக்கிழமை மத்தியானம். சுருளியம்மாள் லயத்து வாசலில் நின்றாள். உள்ளே அவள் மகள் நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம், கம்பளிச் சட்டையும் காதில் பேனாவுமாக ஓர் ஆள். நாங்கள் வருவது தெரிந்து காவலுக்கு வந்தவன்போல நின்றான்.

“சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணணும்னு துரை சொல்லிட்டாக,” என்றாள் சுருளியம்மாள். “பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு நான் எந்த மலைக்குப் போவேன்?”

“தட்டைக் குடுத்துட்டா எதுக்குப் போகணும்?” என்றான் கம்பளிச் சட்டை.

“நீங்க யாருங்க?” என்றாள் மயிலாத்தாள்.

“சூசையப்பன். கிளப் ரைட்டர். ரிக்கார்டு, சீட்டுக்கட்டு, பாட்டில் எல்லாம் என் சார்ஜு.”

“பாட்டில் ஏதாச்சும் காணாமப் போயிருக்குதுங்களா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப திருடுனவன் குடிகாரன் இல்லை அம்மிணி,” என்றேன் நான். “எஸ்டேட்டுல பாதிப் பேரைக் கழிச்சுப்போடலாம்.”

சூசையப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான். படித்தவன் படிக்காதவனைப் பார்க்கிற பார்வை. எனக்கு அது பழக்கம்.

“ஆராய்ச்சி எல்லாம் எதுக்கு? எடுத்தது இவதான். துரைசாணியம்மா பம்பாயிலேருந்து கொண்டாந்த ரிக்கார்டு. கிளப்பைக் கூட்டும்போதெல்லாம் இவ வாயில அதே பாட்டுத்தான். இப்படி.” அவன் துடைப்பம் பிடித்த மாதிரி கையை ஆட்டி, ராகத்தோடு பாடியே காட்டினான். “மீ பிதா பிதா பிதா...” பாடி நிறுத்தி, “ஆசை யாரை விட்டுச்சு,” என்றான்.

“உங்களுக்கு நல்ல குரலுங்க,” என்றாள் மயிலாத்தாள்.

“கோயில்ல பாடுறேன். ஒரு தடவை காதுல விழுந்தா போதும், அப்படியே வந்துரும்.” புகழ்ச்சி அவனுக்குப் போர்த்திய கம்பளியைவிடச் சூடாக இருந்தது.

“ஏனுங்க ஆத்தா, நீங்க ஒருக்கா பாடுங்க,” என்றாள் மயிலாத்தாள்.

சுருளியம்மாள் கூச்சப்பட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். என்ன சொல் என்று அவளுக்கே தெரியாது. வாய்க்கு வந்த சத்தம். ஆனால் “மீ பிதா” என்ற இடத்தில் மட்டும் நீளமாக இழுத்து, மூச்சை விட்டு, அடுத்த அடிக்குப் போனாள். சாமி முன்னால் நிற்கிறவள் மாதிரி இருந்தது.

“வேதக்காரங்க சாமி பாட்டுன்னு நினைச்சேன்,” என்றாள். “பிதான்னு வருதுல்லா? எந்தச் சாமியானா என்ன. ஆயுத பூசைக்குக் கிளப்புல தராசு, சைக்கிளு, பாட்டுப் பெட்டி எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அந்தத் தட்டுக்கும் நடுவுல சந்தனத்தை அப்பிக் குங்குமம் வச்சேன். தட்டு பாழாப் போச்சுன்னு துரைசாணியம்மா வஞ்சாக. பாழாகல. காணாமப் போறதுக்கு முந்தின நாள்கூட அதைப் போட்டுத்தான் ஆடுனாக. ஒரு தடங்கல் கிடையாது.”

“அன்னைக்கு வெளியாளு யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரல,” என்றான் சூசையப்பன்.

“வந்தாக,” என்றாள் சுருளியம்மாள். “கீழ்நாட்டு முதலாளி ஒருத்தரு. துரைக்கு விருந்தாளி. அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாக. வாயைத் தொறந்தா எங்கப்பாரு இப்படி, எங்கப்பாரு அப்படின்னாக.”

“அவர் பெரிய மனுசன். அவரை எதுக்கு இழுக்கிற?” என்றான் சூசையப்பன்.

நான் ஜீப்பைத் திருப்பினேன். பாலக்காடு தொட்டுப் பொள்ளாச்சி வரைக்கும், வாய்க்கு வாய் எங்கப்பாரு என்கிற ஆள் ஒருவர்தான். எங்கள் ஊர் அரிசி மில் ரத்தினசாமி.

*

ரத்தினசாமி செத்துப்போன தகப்பனாருக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். தகப்பனார் உயிரோடு இருந்தபோது அவருக்கு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தார். மண்டபம் கட்டிலைவிடப் பெரியது. திறப்பு விழா அடுத்த வாரம்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. சுருளியம்மாள் பாடிய அதே ராகம். ஜீப் தானாக நின்றது என்று சொல்லலாம், நான்தான் நிறுத்தினேன்.

மண்டபத்துக்குள் ஆர்மோனியக்காரர் வாசிக்க, ரத்தினசாமி நின்றுகொண்டு பாடினார்.

“மாதா பெற்றாள் மண்ணிலே, என் பிதா பிதா பிதா வளர்த்தான் கண்ணிலே.”

பாடி முடித்து எங்களைப் பார்த்தார். “வாங்கம்மிணி. வா குப்பண்ணா. எப்படி இருக்குது பாட்டு? ராகம், பாட்டு எல்லாமே நம்மளுது. பத்திரிகையிலயே போட்டாச்சு.”

அழைப்பிதழை நீட்டினார். ‘இசையமைப்பு: மில் அதிபர் ரத்தினசாமி’ என்று தங்க எழுத்தில் இருந்தது.

“ராகம் எங்கிருந்து புடிச்சீங்க?” என்றாள் மயிலாத்தாள்.

“கனவுல. எங்கப்பாரு வந்து தலைமாட்டுல உக்காந்து சொன்னாரு.”

“உங்கப்பாருக்குப் பாட வருமுங்களா?”

“செத்ததுக்கப்புறம் வந்திருக்குது.”

“அதென்னங்க பிதா மூணு தடவை?” என்றேன். “மாதா ஒருத்தி. பிதா மூணு. ஊர்ல கேக்கறவன் தப்பா எடுத்துக்கப் போறான்.”

ஆர்மோனியக்காரர் இருமினார். ரத்தினசாமிக்கு முகம் சிவந்தது.

“பாட்டே அப்படித்தான்டா வருது. எங்கப்பாரு பெருமையை ஒருக்காச் சொன்னா பத்துமா? போச்சாது போ, உனக்கென்ன தெரியும்.”

“தேவிகுளம் பக்கம் போயிருக்கறீங்களா?” என்றாள் மயிலாத்தாள்.

“எனக்கு அந்தக் குளிரே ஆகாதுங்கம்மிணி.” சொல்லிவிட்டு ஆர்மோனியத்தைத் தொடங்கச் சொன்னார். கேள்வி முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். “பச்சப் பொய்யி. தட்டு இந்த ஊட்டுலதான் இருக்குது. உள்ள பூந்து தேடலாம் அம்மிணி.”

“பாட்டு இருக்குது. தட்டு இருக்குதுன்னு எப்படிச் சொல்றது?” என்றாள் அவள். “கிளப்புல கேட்டேன், மனசுல நின்னுச்சும்பாரு. காதுல ஏத்திட்டு வந்தவனைச் சோதனை போட முடியுமாண்ணா? போலீசுக்காரன் காதுக்குள்ள கையை உடுவானா?”

“அப்ப என்ன பண்றது?”

“அந்த மூணு பிதா என்னமோ இடிக்குது. அந்தம்மா ஒண்ணுதான் பாடுச்சு. எது சரின்னு கேக்கோணும்.”

*

ஸ்பெயின் பாட்டுக்கு ஸ்பெயின்காரரைத்தான் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தார். நல்லேப்பிள்ளி தாண்டி ஒரு சின்ன மாதாகோயிலில் வயதாகிக் கிடந்த எஸ்தேபான் சாமி. இந்தப் பக்கம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தமிழை வேதபுத்தகத்தில் படித்தவர். நாங்கள் போனபோது கோழிகளுக்குத் தீனி வைத்து, “வாருங்கள், புசியுங்கள்” என்று அழைத்துக்கொண்டிருந்தார். கோழிகளுக்கு அது புரிந்தது.

மயிலாத்தாள் ராகத்தை முனகிக் காட்டினாள். கிழவரின் கை தீனிச் சட்டியிலேயே நின்றது.

“இந்தப் பாட்டு இன்னும் சாகவில்லையா?” என்றார்.

“இதுல பிதா பிதான்னு வருதுங்களே சாமி, அது ஆண்டவருங்களா?”

அவர் சிரித்ததில் பல் கட்டு நழுவியது. “பிதா அல்ல, மகளே. எங்கள் பாஷையில் எழுதுகிற எழுத்து வேறு, வாயில் வருகிற சத்தம் வேறு. ‘விதா’ என்று எழுதுவோம், ‘பிதா’ என்று பாடுவோம். உயிர் என்று பொருள். மீ பிதா என்றால், என் உயிரே.”

“யாரு பாடுனதுங்க?”

“அதுதானே சண்டை.” அவர் கோழிக்கூண்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். “எங்கள் ஊர் கடலோரம். அங்கே ஒரு ரொட்டிக்காரி. மாவு பிசையும்போது தொட்டில் பிள்ளைக்கு இதைப் பாடுவாள். ஒர்தூன்யோ என்று ஒரு பேண்டு மாஸ்டர் ரொட்டி வாங்க வருவான். ரொட்டியையும் வாங்கினான், பாட்டையும் எழுதிக்கொண்டு போனான். தாலாட்டை டான்ஸ் ஆக்கினான். பட்டணத்தில் பெரால்தா என்று ஒரு கொட்டகை முதலாளி. ‘என் பேரையும் போட்டால்தான் என் கொட்டகையில் வாசிக்க விடுவேன்’ என்றான். போட்டான். பாட்டு பரவிற்று. கலியாணத்தில் பாடினார்கள், பட்டாளத்தில் பாடினார்கள், செத்த வீட்டிலும் பாடினார்கள். பேர் வந்ததும் இருவரும் பகைத்தார்கள். முழுக்க என்னுடையது என்றான் இவன். நான் சொல்லித்தான் அவன் எழுதினான் என்றான் அவன். கோர்ட்டுக்குப் போனார்கள்.”

“நம்ம ஊர்க்காரங்களாட்டவே இருக்கறாங்க,” என்றேன்.

“நியாயாதிபதி புத்திமான். இருவரையும் கூண்டில் நிற்க வைத்துப் பாடச் சொன்னார். பேண்டு மாஸ்டர் சரியாகப் பாடினான். கொட்டகைக்காரன் ஓரிடத்தில் பிசகினான். அந்தப் பிசகு எங்கே இருந்தது தெரியுமா? அச்சடித்து விற்ற பாட்டுத் தாளில். அச்சுக்கோத்தவன் ஒரு சுரத்தை மாற்றிக் கோத்துவிட்டான். முதலாளி அந்தத் தாளைப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறான். பெற்ற தகப்பன் பிள்ளையை அச்சுப்பிழையோடா பெறுவான்? அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். ஆனாலும் அவன் பேர் தட்டில் அப்படியே இருக்கிறது. சிறைக்குப் போனவன் பேரை எடுக்கலாம், பணக்காரன் பேரை எடுக்க முடியாது.”

“ரொட்டிக்காரி என்னானாங்க?”

“அவளை யாரும் கூப்பிடவில்லை. ஊரில் ஆளாளுக்கு அவள் தங்கள் குடும்பம் என்பார்கள். நானும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். நம்ப வேண்டாம்.”

அந்த ஒரு சொல்லுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷத்தில் தன்னை நம்ப வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள்.

“சாமி, அந்த மீ பிதா எத்தனை தடவை வருமுங்க? மூணா?”

“ஒரே தடவை. மாவை ஒரு தடவை அழுத்துவாள், ஒரு மூச்சு விடுவாள். மூன்று தடவை பாடினால் ரொட்டி கல்லாகிவிடும். யார் சொன்னது மூன்று என்று?”

மயிலாத்தாள் எழுந்து கும்பிட்டாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவள் வாய்க்கால் பாலம் வரை விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து நானும் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவேன். அதனால் அவள் யோசிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

“அண்ணா, தட்டுல கீறல் உழுந்தா என்னாகும்?”

“முள்ளு மாட்டிக்கும். சொன்னதையே சொல்லும். எலெக்‌ஷன் மேடையாட்ட.”

“ரெண்டு தடவை தடுக்கி, மூணாந் தடவை தாண்டிட்டுப் போச்சுன்னா?”

நான் பிரேக்கை மிதித்தேன். “பிதா பிதா பிதா.”

“அதேதான். காணாமப் போற வரைக்கும் தட்டுல தடங்கல் இல்லைன்னு அந்தம்மா சொல்லுச்சு. கிளப்புல கேட்டவன் ஒரு பிதாதான் கேட்டிருப்பான். மூணு கேட்டவன், காணாமப் போனதுக்கப்புறம் அந்தத் தட்டைக் கேட்டவன். சர்க்கரையைத் திருடறவன் எறும்பையும் சேத்துத்தான் அள்ளுவான்.”

“அப்ப ஊட்டுக்குள்ள பூந்துரலாம்.”

“எதுக்கு? கூப்பிட்டா அவரே கொண்டாந்து குடுப்பாரு,” என்றாள்.

*

ரத்தினசாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணீருக்கு அவருக்கு ஒரு வழக்கு, வரப்புக்கு ஒரு வழக்கு, பக்கத்து வீட்டு முருங்கை மரத்து நிழல் தன் முற்றத்தில் விழுகிறது என்று ஒரு வழக்கு. பக்கத்துச் சித்தூர் கோர்ட்டில் அவருக்கென்று ஒரு பெஞ்சு தேய்ந்திருக்கிறது. வழக்கில்லாத நாள் அவருக்குப் பட்டினி கிடந்த நாள்.

சாயங்காலம் மயிலாத்தாள் மண்டபத்துக்குள் அழாத குறையாக நுழைந்தாள்.

“மோசம் போயிட்டீங்க. உங்க பாட்டைத் திருடிட்டாங்க.”

ரத்தினசாமி வெற்றிலையைத் துப்பினார். “எவன்?”

“ரெண்டு பேருங்க. ஒருத்தன் ஒர்தூன்யோ. இன்னொருத்தன் பெரால்தா.”

“எந்த ஊர்க்காரனுக? சித்தூரா?”

“ஸ்பெயினுங்க. உங்க ராகத்தை அப்படியே தட்டுல போட்டு உலகம் பூராவும் வித்துட்டு இருக்கறானுங்க. எஸ்தேபான் சாமியே சொல்றாரு.”

“போன மாசம் கனவுல வந்த பாட்டு. அதுக்குள்ள அவனுகளுக்கு எப்படிப் போச்சு?” சந்தேகப்பட அவருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தது.

“தூக்கத்துல வாய்விட்டுப் பாடியிருப்பீங்க,” என்றேன். “சன்னல் தொறந்திருந்துதா?”

“வழக்குப் போட்டா நிக்குமுங்களா?” என்று மயிலாத்தாளிடம் கேட்டார். கண்ணில் ஓர் ஒளி வந்திருந்தது. முருங்கை மரம் எங்கே, ஸ்பெயின் எங்கே.

“சும்மா நிக்குமுங்க. கொல்லங்கோட்டுக்காரரு வெளிநாட்டுக்காரன் மேல வழக்குப் போட்டாருன்னு பேப்பருல எல்லாம் வரும். உங்கப்பாரு பேரும் வரும். ஆனா ஒண்ணு. அவனுக தட்டு ஒண்ணு கையில இருந்தாத்தான் ரெண்டும் ஒரே பாட்டுன்னு காட்ட முடியும். கோயமுத்தூருலயே கிடைக்கலையாமா. தட்டு இல்லாம வழக்கில்லைங்க. வாங்கண்ணா, போலாம்.”

நாங்கள் திரும்பி நடந்தோம். அவருக்குள்ளே திருடனும் வழக்காளியும் கட்டிப் புரளுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வாசப்படி தாண்டுவதற்குள் வழக்காளி ஜெயித்தான்.

“அம்மிணி, இருங்க. எங்கிட்டயே ஒண்ணு இருக்குது.”

உள்ளே போய் பட்டு வேட்டியில் சுற்றி அவரே எடுத்துக்கொண்டு வந்தார். மயிலாத்தாள் வேட்டியைப் பிரித்தாள். கறுப்புத் தட்டு. ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீறல். நடுவில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன்மேல் குங்குமம். சந்தனத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பேர், அந்தப் பக்கம் ஒரு பேர், இங்கிலீஷ் எழுத்தில்.

“இந்தப் பொட்டு யாருங்க வச்சது?” என்றாள்.

“அது... வரும்போதே இருந்துச்சுங்க.”

“ஏனுங்க,” என்றேன் நான், “ஸ்பெயின்காரனுக ஆயுத பூசை கும்படறானுகளா?”

ரத்தினசாமி பக்கத்தில் கிடந்த சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்தார்.

“நான் திருடலைங்கம்மிணி. எங்கப்பாரு மேல சத்தியமா.”

“எந்த அப்பாரு மேலங்க? மூணு பேரு இருக்கறாங்களே,” என்றேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்தக் கட்டில் எனக்கு ஞாபகம் இருந்தது.

“ஒருத்தன் கொண்டாந்து குடுத்தானுங்க. நான் ஆசைப்பட்டேன்னு...”

“பேரைச் சொல்லாதீங்க,” என்றாள் மயிலாத்தாள். “அவன் பேரு எனக்கே தெரியும். நேத்து அவனே பாடிக் காமிச்சான். நீங்க நாளைக்கு எங்களோட தேவிகுளம் வந்தாப் போதும். குளிருக்குப் போர்வை எடுத்துக்குங்க.”

*

சனிக்கிழமை நாங்கள் போனபோது சுருளியம்மாளின் சட்டிபானை லயத்துக்கு வெளியே வந்துவிட்டது. அம்மிக்கல்லின் மேல் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். மயிலாத்தாள் சட்டிகளைப் பார்த்தாள். சுருளியம்மாளின் கையைப் பிடித்துக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

துரை அங்கே பைப் புகைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் மேனேஜர், குடகுக்காரர். துரைசாணி பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில். சூசையப்பன் காதில் பேனாவோடு வாசலில். ரத்தினசாமியை நாங்கள் ஜீப்பிலேயே போர்வைக்குள் விட்டிருந்தோம்.

“தட்டு கிடைச்சுதா?” என்றார் துரை.

“கிடைச்ச மாதிரிதானுங்க. அதுக்கு முன்னால ரெண்டு பேரு அந்தப் பாட்டைப் பாடோணும். ஸ்பெயின் கோர்ட்டுல இதுதான் வழக்கமாமுங்க.”

துரைசாணிக்கு அது வேடிக்கையாக இருந்தது. சரி என்றார்.

சுருளியம்மாள் பாடினாள். அழுத குரல். ஆனாலும் “மீ பிதா” ஒரே இழுப்பு, ஒரே மூச்சு.

“கரெக்டு,” என்றார் துரைசாணி. “அப்படித்தான் ரிக்கார்டில் வரும்.”

“இனி ரைட்டர் பாடட்டுமுங்க. கோயில்ல பாடற குரலு. ஒரு தடவை கேட்டா அப்படியே வந்துருமுன்னு சொன்னாரு.”

சூசையப்பன் காதுப் பேனாவைச் சரிசெய்துகொண்டான். நாலு பேர் முன்னால் பாடச் சொன்னால் பாடுகிறவனுக்கு எச்சரிக்கை போய்விடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுருளியம்மாளுக்குப் பாடிக் காட்டுகிறவன்போல நன்றாக எடுத்தான்.

“மீ பிதா பிதா பிதா...”

துரைசாணி புருவத்தை உயர்த்தினார். “மூணு முறை இல்லையே, சூசை.”

“அப்படித்தான் மேடம். ரிக்கார்டுல அப்படித்தான்.”

மயிலாத்தாள் முந்தானைக்குள்ளிருந்து தட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். முள்ளை நானே இறக்கினேன். ஏதோ ஒரு நாட்டுப் பெண் கனிவாகப் பாட ஆரம்பித்தாள். அந்த இடம் வந்தது. டக். பிதா. டக். பிதா. டக். பிதா. பிறகு பாட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி போயிற்று.

“அவரு சொல்றதும் சரிதானுங்க,” என்றாள் மயிலாத்தாள். “இப்ப இந்தத் தட்டு அப்படித்தான் பாடுது. ஆனா இந்தக் கிளப்புல ஓடுன வரைக்கும் இப்படிப் பாடுனதில்லை. எடுத்தவன் கைபட்டு உழுந்த கீறல். கீறலுக்கப்புறம் இதைக் கேட்டது ரெண்டே பேரு. ஒருத்தரு வெளிய ஜீப்புல நடுங்கிட்டு இருக்கறாரு. இன்னொருத்தரு இப்பத்தான் பாடுனாரு.”

சூசையப்பனின் பேனா காதிலிருந்து விழுந்தது. ஜீப்பில் இருந்தவரை நான் கூப்பிடவேண்டிய அவசியமே வரவில்லை.

“மில்லுல என் மச்சானுக்கு ஒரு வேலை தர்றேன்னாரு,” என்றான். “அவசரமா உருவும்போது முள்ளு இழுத்துருச்சு. கெட்டுப் போச்சான்னு போட்டுப் பாத்தேன். அவ்வளவுதான்.”

இத்தனை மாதம் அந்தக் கிளப்பில் அந்தப் பாட்டு ஓடியும் அவன் காதில் வாங்கியதில்லை. திருடிய அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறான். கூட்டுகிறவள் பாட்டைக் கேட்டாள். சார்ஜில் இருந்தவன் கீறலைக் கேட்டான். பழியை அவள்மேல் போட்டதற்குக் காரணம் கேட்டபோது, “அவதானே பாடிக்கிட்டிருந்தா” என்றான். அதற்கு மேல் அவனுக்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை. துரைக்கும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

துரை பைப்பைத் தட்டினார். சூசையப்பனை ஆபீசில் போய் நிற்கச் சொன்னார். சுருளியம்மாளைப் பார்க்காமலே, “இவள் வேலைக்கு வரட்டும். வீட்டிலும் இருக்கட்டும்,” என்றார். அவ்வளவுதான். தவறு என்ற சொல்லுக்கு அந்தக் கிளப்பில் இடம் இருக்கவில்லை போலிருக்கிறது. நேராக உள்ளறைக்குப் போய், ஜன்னலோரம் பேப்பரை விரித்துக்கொண்டார்.

லயத்தில் சட்டிபானைகள் திரும்ப உள்ளே போயின. நானும் ஒரு கை பிடித்தேன். அம்மிக்கல்லை ரத்தினசாமியைத் தூக்க வைத்தோம். அவர் போர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தூக்கினார். அழைப்பிதழைத் திரும்ப அச்சடிக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்தார்.

“பிதா இல்லையாமுங்க ஆத்தா,” என்று மயிலாத்தாள் சொன்னாள். “பெத்தவ பிள்ளையைப் பாத்து, என் உயிரேங்கறாளாமா.”

சுருளியம்மாள் மகளின் வயிற்றை ஒரு தரம் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள். மகள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நாங்கள் புறப்படும்போது அவள் துரை உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேர் கீழே கூட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடம். பாட்டும் கேட்டது.

“மீ பிதா பிதா பிதா.”

நான் ஜீப்பை நிறுத்தினேன். “ஆத்தா, தப்பாப் பாடறயே. ஒருக்காத்தானே?”

“சாமி பாட்டுன்னு நினைச்சுப் பாடுனப்ப ஒரு தடவை போதும்னு இருந்துச்சு,” என்றாள் அவள், துடைப்பத்தை நிறுத்தாமல். “இப்ப துரைக்குல்லா பாடுதேன். அவுகளுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாது.”